வைன் பிரிட்ஜ் திருத்தப் போன இடத்தில் பார்த்த பெண்

தம்பி,

போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். ஹட்டனில் கூட்டாளி வீட்டில் தங்கியிருக்கிற நீ, காலையில் பெண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு கொட்டகலைக்கு வருவதற்கு முன்னால் இதை முழுதாக வாசித்துவிட வேண்டும். நாளைய விருந்துக்கு உதவியாக உடப்புசல்லாவையிலிருந்து வந்த உன் அத்தை உள்ளறையில் தூங்குகிறாள். விழித்து வந்தால் தாளைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். லைட் போடவில்லை. டார்ச்சை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குப் பேசியிருக்கிற பெண்ணை, தர்சினியை, இன்று பின்னேரம் பங்களாவில் பார்த்தேன். அவளோடு ஒரே தரையில் உட்கார்ந்து பேசினேன். அவளுடைய அம்மாவோடும் பேசினேன். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு நம் வீட்டு வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபத்தோடு நிறுத்திவிடாமல் மீதியையும் வாசி.

கல்யாணம் முடியும் வரைக்கும் வாசலில் இருக்கிற போர்டைக் கழற்றி வைக்கச் சொன்னாய். "அவங்க யாழ்ப்பாணத்து ஆக்கள், படிச்ச குடும்பம். என்னோட அம்மா ஸ்பானர் தூக்கிட்டு வீடு வீடா போறாங்கன்னு எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டாய். அன்றைக்கே ஸ்டூலில் ஏறி, "பிரிட்ஜ் திருத்தப்படும்" என்று நீயே பச்சைப் பெயின்டில் எழுதிய அந்தப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் புதிதாகத் தெரிந்தது. உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டொரு நாளில் அந்த நினைப்பு மாறிவிட்டது. கதவைத் தட்ட ஆள் வரவில்லை, தம்பி. அது எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலைக்குள் நான் எப்படி வந்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பழகிக்கொண்டதை, உனக்கு உதவியாக நின்ற பழக்கம் என்று நினைத்திருப்பாய். நீ தோட்டத்து லய வீட்டு வாசலில் பிரிட்ஜைக் குப்புறச் சாய்த்து வைத்து வேலை செய்கிறபோது டார்ச் பிடித்தவள் நான். அது உண்மைதான். ஆனால் நீ கொழும்புக்குப் போன பிறகுதான் இது என் வேலையானது. உன்னைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "தம்பி இல்லீங்களா அக்கா? பிரிட்ஜ் ஐஸ் கட்டுது." "தம்பி எப்ப வருவாரு? தண்ணியா ஒழுகுது." உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்கிறார், அவரை "இல்லை" என்று திருப்பி அனுப்பினால் வீட்டில் மறுபடி நான் மட்டும்தான். அதனால் ஒரு நாள், "வாங்க, நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். நீ விட்டுப்போன பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கதவு ரப்பர்தான் வளைந்திருந்தது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி, ரப்பரை இளக்கி, விரலால் நீவி நேராக்கினேன். கடுதாசித் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கதவு நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து, உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கத்தான் போனேனோ என்னவோ.

சரி, பங்களாவுக்கு வருகிறேன். பழைய தோட்டத்துரை பங்களாவை இப்போது விருந்தினர் விடுதியாக நடத்துகிறார்களே, அங்கே சமையல்காரராக இருக்கிற மாணிக்கம் அண்ணன்தான் இந்த வாரத் தொடக்கத்தில் போன் எடுத்தார்.

"தங்கச்சி, இங்க ஒரு கூத்தப் பாரு. வெளிய குளிர்ல பல்லு கிட்டுது. வைன் பிரிட்ஜுக்குள்ள கைய விட்டா போத்தல் சுடுது. மேனேஜர் என் தலைமேல ஏறி நிக்கிறாரு."

"நான் இப்ப வேலைக்குப் போறதில்லண்ணே. போர்டக்கூட எறக்கிட்டேன்."

"போர்டு எறங்கினா கையும் எறங்கிருமா? வா தங்கச்சி. சனிக்கெழம கொழும்பு ஆளுங்க வர்றாங்களாம்."

அந்தக் கொழும்பு ஆட்கள் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. நீயும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. குளிர் ஊரில் சுடுகிற பிரிட்ஜ் என்றதும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போனேன்.

பெரிய சாப்பாட்டு மண்டபம். நெருப்பு மூட்டுகிற கணப்பு ஒரு பக்கம், எதிர்ச்சுவரில் அந்தப் பிரிட்ஜ், இடுப்பளவு உயரம். முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி, உள்ளே நீல வெளிச்சம், போத்தல்களைப் படுக்க வைத்திருந்தார்கள். வைன் என்ற சாமானை நான் குடித்ததில்லை; அது பழத்திலிருந்து வருகிறது, அதிகக் குளிரும் ஆகாது சூடும் ஆகாது என்பது மட்டும் தெரியும். நீ சொல்லித் தந்த முறைப்படியே தொடங்கினேன். முதலில் கரண்ட் வருகிறதா என்று பிளக்கில் பார்த்தேன். வந்தது. கடுதாசித் துண்டு வைத்துக் கதவைப் பார்த்தேன். பிடித்தது. பிறகு காதை வைத்து மோட்டர் சத்தத்தைக் கேட்டேன். சத்தமே இல்லை. மோட்டர் போய்விட்டது, இனி என் கையில் ஒன்றுமில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். போத்தல்களை எல்லாம் இறக்கி, பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திருப்பி, பின்தகட்டைத் திறந்தால் மோட்டரே இல்லை, தம்பி. காஸ் ஓடுகிற குழாயும் இல்லை. சின்ன காற்றாடி ஒன்றும், அதற்குப் பின்னால் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகளும், அவ்வளவுதான். யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "மீட்டிங்" என்று ஒரு சொல் மட்டும் திரையில் வந்தது.

மாணிக்கம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, மோட்டரக் காணோமா? இந்த ஊருக்கு எதுக்கு பிரிட்ஜுன்னு கேட்டேன், கேட்டாங்களா? ராவைக்கு யன்னல தொறந்து வச்சாலே போத்தலுக்குப் பனி புடிக்கும்."

அவர் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அலுமினியத் தகடு கை வைக்க முடியாத சூடு. காற்றாடி சுற்றவில்லை, தேயிலைத் தூசி அடைத்துப் பஞ்சாகக் கட்டியிருந்தது. பங்களாவுக்குக் கீழேதான் பெக்டரி. காற்று அடித்தால் தூசி இங்கேதான் வரும். பிரஷ்ஷால் தட்டி எடுத்து, காற்றாடியின் நடு அச்சில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, விரலால் சுற்றிச் சுற்றி இளக்கினேன். பிளக்கைப் போட்டதும் சுற்றியது. கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளே கை வைத்தால் ஜில் என்றிருந்தது. அப்போதுதான் விளங்கியது. உள்ளே தீப்பெட்டி அகலத்தில் ஒரு ஓடு இருக்கிறது. அதற்குள் கரண்ட் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சுடுகிற பக்கத்துச் சூட்டைக் காற்றாடி வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அந்தச் சூடு வந்த வழியே உள்ளே திரும்பிவிடும். பிரிட்ஜ் அடுப்பாகிவிடும். உன்னிடம் கேட்காமல் நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் இது. யாரிடம் சொல்வது? மாணிக்கம் அண்ணனிடம்தான் சொன்னேன். "ஓ" என்றார்.

இத்தோடு வந்திருந்தால் ஒரு வினையும் இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். உன் கல்யாணத்துக்கு என்று வெள்ளை நூலில் ஒரு விரிப்புப் பின்னினேனே, புது வீட்டு டிவிக்குப் போட. "இப்ப யாரும் டிவிய மூடுறதில்லம்மா" என்று நீ சொல்லிவிட்டாய். அது அன்று என் பையின் அடியில் கிடந்தது. நம் லயத்தில் பிரிட்ஜோ டிவியோ வந்தால் அன்றைக்கே ஒரு பூத்துணி போட்டு மூடாமல் இருப்போமா? மூடாத சாமான் உடுப்பு இல்லாத பிள்ளை மாதிரி எனக்குத் தெரியும். அந்தப் பெரிய மண்டபத்தில் அந்தப் பெட்டி மொட்டையாக நின்றது. விரித்துப் போட்டுவிட்டு, பூக்கரை முன்னாலும் பின்னாலும் தொங்குகிற அழகை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தேன். பின்னால் தொங்கிய கரையைக் காற்றாடி உறிஞ்சி இழுத்து, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காற்றாடியைத் திருத்திய கையே அதன் வாயையும் பொத்திவிட்டு வந்திருக்கிறது.

நேற்று நீ போன் எடுத்து, பெண் வீட்டார் அந்தப் பங்களாவில்தான் தங்குகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொன்னாய். சரி என்றேன். இன்று மத்தியானம் மாணிக்கம் அண்ணன் மறுபடி போன் எடுத்தார். "தங்கச்சி, பழையபடி சுடுது. நீதான் என்னமோ பண்ணிட்டேன்னு மேனேஜர் சொல்றாரு." முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கை வைத்த சாமான் பழுதாகிக் கிடக்கிறபோது, நான் வீட்டில் உட்கார்ந்து நாளைக்கு வடைக்குப் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? "அவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் இறம்பொட கோயிலுக்குக் கிளம்பிட்டாங்க. இருட்டித்தான் வருவாங்க. நீ சமையக்கட்டு வழியா வந்துட்டுப் போ." அத்தையிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மண்டபத்தில் யாரும் இல்லை. பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தியதும் விரிப்பின் கரை காற்றாடிக் கூட்டில் ஒட்டிக்கிடப்பது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. மெதுவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு குரல்.

"இதுக்குப் பின்னால ஏதும் எலி கிலி இருக்கோ?"

திரும்பினேன். அவள்தான். நீ அனுப்பிய படத்தில் சேலையில் இருந்தாள். நேரில் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். கம்பளிச் சட்டை, கலைந்த தலை. கோயிலுக்குப் போகாமல் அறையில் படுத்திருந்திருக்கிறாள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பிரிட்ஜ் வழியை மறித்துக்கொண்டு நின்றது. என்னுடைய படத்தை நீ அவளுக்குக் காட்டியதே இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"எலி இல்லீங்க. நான் போட்ட துணிதான்" என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வடிவான வேலைப்பாடு. ஆர் பின்னினது?"

"நான்தாங்க. பிரிட்ஜுக்கு அழகா இருக்கும்னு போட்டேன். மூச்சு முட்டிருச்சு."

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. "எங்கட அம்மம்மாவும் ரேடியோவுக்குச் சட்டை தைச்சவ" என்றாள். பிறகு போனில் வெளிச்சம் போட்டுப் பின்பக்கத்தைக் காட்டினாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏன் மோட்டர் இல்லை, ஏன் சத்தம் இல்லை, அவர்கள் வீட்டுப் பிரிட்ஜ் ஏன் ராத்திரியில் கடகடக்கிறது. கால் நான்கும் தரையில் சரியாக ஊன்றியிருக்கிறதா, போத்தல் ஒன்றோடொன்று உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு மோட்டரைப் பற்றிப் பயப்படலாம் என்றேன். அடியில் தண்ணீர் தேங்கினால் கதவு ரப்பரைப் பாருங்கள், ஈரக்காற்று அங்கேதான் நுழையும் என்றேன். அவள் ஒரு மாணவி மாதிரித் தலையாட்டினாள். எத்தனை நாளாயிற்று, தம்பி, ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டு? நான் யார் என்று தெரியாததால்தான் அது எனக்குக் கிடைத்தது. அது தெரிந்தே, வேலை முடிந்த பிறகும் ஒரு ஸ்குரூவைக் கழற்றி மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எங்க படிச்சனீங்கள்?"

"என் மகன் பழக்குனான்."

"நீங்கதான் மகனுக்குப் பழக்குவீங்கள் எண்டு நினைச்சன். கெட்டிக்காரன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னைக் கட்டப்போறவரும் ஏசி கம்பனியிலதான். ஆனா அவருக்கு ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கக்கூடத் தெரியாதாம். எல்லாம் ஒபிஸ் வேலைதான்" என்றாள்.

நான் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நகக்கண்ணில் கறுப்பு ஏறி, சோப்புப் போட்டாலும் போகாமல், நான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்ட கைகள். அந்தக் கைகளுக்கா ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது?

அந்த நேரம் வாசலில் வாகனம் வந்து நின்றது. மழை இறங்கிவிட்டதால் கோயிலுக்குப் போகிற வழியிலேயே திரும்பிவிட்டார்களாம். அவளுடைய அம்மா உள்ளே வந்து, "என்ன பிள்ளை, நிலத்தில இருந்து என்ன செய்யிறாய்? உடுப்பெல்லாம் ஊத்தை" என்றார்.

"அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ. இந்தப் பிரிட்ஜுக்கு மோட்டரே இல்லை!"

அந்த அம்மா நல்ல மனுசிதான். மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டு எனக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். எழுந்து நின்ற என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். பிறகு, "எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டார்.

"கொட்டகலைங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு நாங்களும் அங்கதான் வாறம், மாப்பிள்ளை வீட்டுக்கு" என்று உன் பெயரைச் சொன்னார். "அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமோ?"

சம்பந்தம் பேசுகிற இடத்தில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது உலக வழக்கம். நானும்கூட அவர்களைப் பற்றி, கொழும்பில் அவர்கள் இருக்கிற வெள்ளவத்தையில் யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் குடும்பத்தைப் பற்றி என்னிடமே வந்து விசாரிப்பார்கள் என்று கண்டேனா? மாணிக்கம் அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்று, என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லிவிடு என்று அவர் கண்ணாலேயே சொன்ன மாதிரி இருந்தது.

"தெரியுங்க" என்றேன்.

"நல்ல ஆக்களோ?"

"பையன் நல்ல பையங்க. சின்ன வயசிலேயே தகப்பன் போயிட்டாரு. உழைச்சுப் படிச்ச பிள்ள."

"தாய் எப்பிடி? ஆக்களோட பழக மாட்டா, வீட்டுக்குள்ளயே இருக்கிற ஆள் எண்டு மாப்பிள்ளை சொன்னவர். உடம்புக்கும் ஏலாதாம்."

இதை நீ சொன்னாயா, தம்பி? நான் நோயாளி என்றும், ஆட்களோடு பழக மாட்டேன் என்றும்? நான் பழகாத ஆள் இல்லை. எனக்குப் பழக ஆள் இல்லாமல்தான் போனது. இரண்டும் ஒன்றல்ல. சாயங்காலம் வாசலில் நின்று, பஸ்ஸில் போகிறவர்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். உன் அழைப்பு வருகிற நேரத்துக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவள்.

அந்த அம்மா பதிலுக்குக் காத்திருந்தார். தர்சினியும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னென்னவோ சொல்ல வாய் வந்தது. கடைசியில், "தாயப் பத்தி நான் சொல்றது சரியா இருக்காதுங்க. நாளைக்கு நீங்களே பாத்துக்கங்க" என்றேன். கோப்பையை வைத்துவிட்டுப் பையை எடுத்தேன். தர்சினி ஓடிவந்து விரிப்பை நீட்டினாள். "நீங்களே வச்சுக்கங்கம்மா" என்றேன். "உண்மையாவோ?" என்று அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள். சமையற்கட்டு வழியாக வெளியே வந்து, மழையில் நனைந்துகொண்டே ரோட்டுக்கு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அத்தையிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு அறிவிருக்கா மதினி? சம்பந்தி வூட்டு ஆளுங்க முன்னால ஸ்பானரோட போயி நின்னிருக்க! நாளைக்கு இதே மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்படி ஆரத்தி எடுப்ப?"

"தெரியல."

"நான் சொல்றதக் கேளு. மொத பஸ்ஸுல ஏறி என் வூட்டுக்குப் போயிரு. அம்மாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சு, ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அத்தைக்காரி நின்னா போதாதா? கல்யாணத்துக்குள்ள அந்த அம்மா ஒன் மூஞ்சிய மறந்துரும். கூட்டத்துல யாரு பாக்கப்போறா?"

நான் தலையாட்டினேன். மாற்றுச் சேலை ஒன்றைப் பையிலும் வைத்துவிட்டேன். அத்தை கெட்டவள் இல்லை. உன் கல்யாணம் நிற்கக்கூடாது என்பதுதான் அவள் கவலை. என் கவலையும் அதுதான். இன்று நான் போகாமல் இருந்திருந்தால் உனக்கு இந்தச் சிக்கல் இல்லை. இந்தப் பெண் உன் கையை விட்டுப் போனால் அது என்னால்தான் என்று இருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயம்.

ஆனால் படுத்தபோது ஒன்று நினைவு வந்தது. நீ படிப்பை முடித்து ஹட்டனில் பிரிட்ஜ் திருத்துகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, லயத்தில் எல்லோரிடமும் "என் மகன் கம்பனியில ஆபிசரு" என்று சொல்லிவைத்தவள் நான். திருவிழாவில் யாரோ உன்னை "ஆபிசர் தம்பி" என்று கூப்பிட, நீ வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை போட்டாய். "ஏம்மா பொய் சொன்னீங்க? என் கையப் பாத்தா தெரியாதா?" என்று விரலை விரித்துக் காட்டினாய். தேயிலைக் கொழுந்து பறித்த என் கைக் கறையை நான் மறைத்து மறைத்துப் பழகியவள். உன் கறுப்பு விரலை நீ விரித்துக் காட்டியது எனக்குப் புதிதாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் பின்னாளில் உன் பையைத் தூக்க எனக்குத் தைரியம் வந்தது. அப்படிப் பார்த்தால் முதல் பொய் என்னுடையது. நீ அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக வளர்த்திருக்கிறாய், அவ்வளவுதான். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் இன்னொரு பொய்யைச் சேர்க்கவும் மனம் இல்லை. அத்தை சொன்னபடி போனால், கல்யாணத்தன்று கூட்டத்தில் ஒளிவேன். பிறகு பேரப்பிள்ளை பிறந்தால் ஒளிவேன். நீ கொழும்பில் வீடு வாங்கினால் அங்கே வராமல் ஒளிவேன். எவ்வளவு நாளைக்கு? அதற்கு இப்போதே நோயாளியாகிவிடலாம்.

அதனால் நான் முதல் பஸ்ஸுக்குப் போகவில்லை. பையிலிருந்து சேலையை எடுத்துத் திரும்ப மடித்து வைத்துவிட்டேன். பலகை கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். அதை மாட்டுவதா வேண்டாமா என்பது நாளைக்கு அவ்வளவு முக்கியமில்லை. முக்கியம் இதுதான். இன்று பிரிட்ஜ் திருத்த வந்தவர் என் அம்மா என்று, அவர்கள் வாகனத்தில் ஏறுவதற்கு முன்னால் நீ உன் வாயால் தர்சினியிடம் சொல்லு. அவள் அதை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. உன்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு எல்லா ஸ்குரூவும் பூட்டத் தெரியும் என்பதையும் சொல்லு. அவள் கோபப்படுவாள். அழுதாலும் அழுவாள். அவர்கள் வராமலே கொழும்புக்குத் திரும்பினாலும் திரும்பலாம். அப்படி ஆனால் நீ மட்டும் வா. சமைத்து வைத்திருப்பேன், நாம் இரண்டு பேரும் சாப்பிடலாம், நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. நீ சொல்லாமலே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் கதவைத் திறப்பவள் நான்தான். அத்தையை அந்தப் பக்கம் விடமாட்டேன்.

சொல்லிவிட்டாய், அவர்களும் வருகிறார்கள் என்றால், டிரைவரிடம் வளைவுகளில் மெதுவாக வரச் சொல். அந்தப் பிள்ளைக்கு மலை ரோட்டில் வயிற்றைப் புரட்டுமாம். கோயிலுக்குப் போகாமல் தங்கியது அதனால்தான். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறதாம். என்னிடம் சொன்னாள்.

அம்மா